ஒரு சாண் இடப்பக்கம்

முதல் குண்டு, அட்டையின் நடுவில் இருந்த கறுப்பு வட்டத்தை விட்டு ஒரு சாண் இடப்பக்கம் விழுந்தபோது, வங்கிக் காவலாளி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவதும் அங்கேயே போய் விழுந்தபோதுதான் பயிற்சியாளரைக் கூப்பிட்டார்.

பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு சோதனையிலும் ஐந்துக்கு ஐந்து அடித்தவர். அடுத்த சோதனைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. தேறாவிட்டால் கையில் இருக்கும் வங்கித் துப்பாக்கி போகும். துப்பாக்கி போனால் வேலை போகும்.

சுடும் மைதானத்துப் பயிற்சியாளர் அட்டையை உற்றுப் பார்த்தார்.

"சுட்டதும் துப்பாக்கி பின்னால உதைக்கும் இல்லையா? உதை வரப்போகுதுன்னு உங்க தோள் முன்னாடியே பயப்படுது. பயந்தா குழல் ஆடும். இங்க ஒரு நூல் ஆடினா அங்க ஒரு சாண்."

பயம் என்ற சொல் உதையைவிடப் பலமாக விழுந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். பல்லி விழுந்தால் கட்டில்மேல் ஏறி நிற்கிறவருக்கு இது என்ன புதுசா என்று அவள் கேட்டாள். கேட்டாலும், பழைய தலையணையைக் கிழித்து, சீருடைத் தோளின் உள்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஒட்டகம்போல ஒரு பக்கம் வீங்கிய தோளோடு போய்ச் சுட்டார். இரண்டு சாண்.

பஞ்சில் துப்பாக்கி அழுந்தி உட்காரவில்லை, பிரித்து எறியுங்கள் என்றார் பயிற்சியாளர். குழல் நுனியில் ஒரு நாணயத்தை வைத்து, வெறும் துப்பாக்கியின் விசையை இழுத்துப் பழகச் சொன்னார். நாணயம் விழாத அன்றைக்குப் பயம் விட்டது என்று அர்த்தம்.

மறுநாள் காலை, வங்கி திறக்கும் முன்பு சுவரைப் பார்த்துப் பழகினார். நாணயம் விழுந்தது. பழகினார். விழுந்தது. பழகும் மும்முரத்தில் நேரம் போனதும் தெரியவில்லை, உடம்பு மெல்ல வாசல் பக்கம் திரும்பியதும் தெரியவில்லை. ஓய்வூதியம் வாங்க முதல் ஆளாக உள்ளே வந்த பெரியவர், பாஸ்புத்தகத்தோடு இரண்டு கைகளையும் தூக்கி நின்றார். மேலாளர் ஓடிவந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

ஆனாலும் அந்த வாரக் கடைசியில் இருபது தடவை இழுத்தும் நாணயம் அசையவில்லை. காவலாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மைதானத்துக்குப் போனார். குண்டு அட்டையிலேயே படவில்லை. இடப்பக்கத்து மண்மேட்டில் புழுதி கிளம்பியது.

கை ஆடவில்லை, கண் மங்கவில்லை, நாணயம் விழவில்லை. பிறகு எது ஆடுகிறது? மனசுதான் ஆடுகிறது என்று முடிவு கட்டினார்.

சோதனை நாளன்று மூச்சை அடக்கி, கல்லாக நின்று சுட்டார். குண்டு ஒரு வட்டத்தின் நட்டநடுவில் பாய்ந்தது. பக்கத்து ஆளின் அட்டையில் இருந்த வட்டம். அதிகாரி தொலைநோக்கியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு படிவத்தில் 'கை நடுக்கம்' என்று எழுதினார்.

வருகிற திங்கட்கிழமை துப்பாக்கியை ஒப்படைத்துவிடும்படி மேலாளர் சொன்னார். காவலாளி பின்னறைக்குப் போய், துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்காரப் பெண், முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டாள். கேட்க ஒரு ஆள் கிடைத்ததும், உதையைப் பற்றி, தோளைப் பற்றி, ஒரு நூல் ஆடினால் ஒரு சாண் விலகுவதைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினார். இந்த வயசில் கோழையாகிவிட்டேன் என்று முடித்தார்.

அவள் துடைப்பானைச் சுவரில் சாத்திவிட்டு, கண் கலங்கக் கேட்டாள்.

"அப்ப திங்கக்கிழமையிலேர்ந்து இந்தத் துப்பாக்கி இங்க இருக்காதாண்ணே?"

"இருக்காதும்மா."

"பின்பக்க ஷட்டர் ஒரு மாசமா சிக்கிக்கிட்டு ஏறவே மாட்டேங்குது. தினமும் நீங்க துப்பாக்கியை இங்க வச்சிட்டுச் சாப்பிடப் போறப்ப, இந்தக் குழலை அடியில விட்டுத்தான் நெம்பித் தூக்குறேன். இனிமே நான் எதை வச்சுண்ணே நெம்புவேன்?"