கோட்டுக்குள் கொக்கு

பேஸ்பால் ஆட்டம் மூன்றாவது சுற்றைத் தாண்டுவதற்குள் நட்சுகோவின் முதுகில் வியர்வை வழிந்தது. ஆனாலும் கோட்டைக் கழற்ற முடியாது. உள்ளே எதிரணியான கொக்குகள் அணியின், கொக்குப் படம் போட்ட சிவப்புச் சட்டை. அதைப் போடாமல் வந்தால் கொக்குகள் தோற்றுவிடுவார்கள் என்பது பத்து வயதிலிருந்து அவளுடைய நம்பிக்கை.

பக்கத்தில் மாமனார் ஒகாஜிமா. ஓநாய்கள் அணியின் ரசிகர் மன்றத் தலைவர். மருமகளாக வந்து ஆறு மாதம் கழித்து இன்றுதான் அவளை டோமுக்கு, அதாவது கூரை மூடிய மைதானத்துக்கு, அழைத்து வந்திருந்தார், அதுவும் ஓநாய்களின் நீலச் சட்டைக்காரர்கள் மட்டுமே உட்காரும் பகுதிக்கு. "கொக்கு ரசிகன் ஒருத்தனும் நம்ம வாசப்படி மிதிச்சதில்ல" என்று கல்யாணத்தன்றே பெருமையடித்தவர்.

"கோட்டைக் கழட்டேம்மா. இந்தக் கூரைக்குக் கீழ மழையா, பனியா?"

"குளிருது மாமா."

உடனே கொதிக்கக் கொதிக்க ஒரு கிண்ணம் உதோன் நூடுல்ஸ் சூப் வந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தாள். முகம் சிவந்துபோனது.

"ஐயையோ, காய்ச்சலா?"

"லேசா."

பின்வரிசைப் பெண்மணியிடம் கம்பளி வாங்கிப் போர்த்திவிட்டார். உள்ளே வெந்துபோனவள் கோட்டின் பொத்தான்களை மட்டும் ரகசியமாகக் கழற்றிக்கொண்டாள்.

மாமனாரும் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு நெற்றியைத் துடைத்தார். "எனக்கும் இந்த ஏசி ஒத்துக்கல."

எட்டாவது சுற்றில் ஒரு கொக்கு அடித்த பந்து மைதானத்தையே தாண்டிக் கூட்டத்துக்குள் விழுந்தது. நட்சுகோ துள்ளி எழுந்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"கால்... மரத்துப்போச்சு மாமா."

"உக்காரு, உக்காரு" என்றவரின் கண்கள் கலங்கியிருந்தன.

இப்படிப்பட்ட மனிதரைப் போய் ஏமாற்றுகிறோமே என்றிருந்தது அவளுக்கு. யோசித்துப் பார்த்தால், ஆறு மாதமாக அந்த வீட்டில் அவள் சிரித்ததுகூடக் கோட்டு போட்டுக்கொண்டுதான்.

கொக்குகள் ஜெயித்தார்கள். கம்பளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். வெளியே போனதும் சொல்லிவிட வேண்டும்.

சொல்லத் தேவையிருக்கவில்லை. டோமின் கூரை உள்ளே ஊதிய காற்றில்தான் நிற்கிறது. கதவைத் திறந்தால் அந்தக் காற்று ஆளையே வெளியே தள்ளும். தள்ளியது. பொத்தான் போடாத கோட்டு இரண்டு சிறகுகளாக விரிந்தது. நடுவில், செக்கச்செவேலென்று, கொக்கு.

நீலச் சட்டைகள் நின்று பார்த்தன. மாமனார் ஜிப்பை இறுகப் பிடித்தபடி சிலையாக நின்றார்.

"மாமா, நான் வந்து..."

கதவருகே நின்ற வயதான காவலாளி முகமெல்லாம் சிரிப்பாகக் குனிந்து வணங்கினார்.

"அட, ஒகாஜிமா-சான்! நீங்க எப்பவும் உள்ள போட்டுட்டு வர்ற அதே சட்டை! மருமகளுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டீங்களா?"