சூளையில் வெந்த ஸ்கேல்

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் அச்சில் ஊற்றிப் பிழைக்கிறார்கள். நான் மட்டும், "கையால் செய்து தரப்படும், சொன்ன அளவில்" என்று போர்டு எழுதி மாட்டினேன். கொழுப்புதான், வேறென்ன.

அந்தப் போர்டைப் பார்த்துத்தான் கைத்திறன் மேன்மைப் பிரிவு அலுவலகம் இருநூறு காபி கப்புக்கு ஆர்டர் தந்தது. உயரம் எட்டு சென்டிமீட்டர், கூடாமலும் குறையாமலும். ஒழுங்காக முடித்தால்தான் அவர்கள் எனக்குத் தந்திருக்கும் ஷெட்டின் ஒதுக்கீட்டைப் புதுப்பித்துத் தருவார்களாம். ஓர் அலுவலகமே என் கைவேலையில் காபி குடிக்கப் போகிறது என்று மனைவி அம்சவல்லியிடம் பீற்றிக்கொண்டேன். முதலில் செய்து முடிக்கச் சொன்னாள்.

சுட்டால் மண் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவாக வனைந்து காயவைத்தேன். கண்காணிப்பாளர் அன்புச்செல்வன் ஆய்வுக்கு வந்து, சுடாத கப்பின் பக்கத்தில் ஸ்கேலை வைத்தார்.

"அளவு கூடுதலா இருக்குதுங்களே, கோதண்டபாணி."

"சூளைக்குப் போனா சரியாயிடுங்க."

"நாளைக்குச் சரியாவறதுக்கு இன்னிக்கு நான் எப்படிங்க கையெழுத்து போடறது?"

நியாயமான கேள்வி. அத்தனையையும் உடைத்துக் கரைத்து, எட்டு சென்டிமீட்டருக்கே வனைந்தேன். கையெழுத்துப் போட்டார். சுட்டேன். ஏழு சொச்சம் வந்தது. மேற்படி கப்புகள் அங்கீகரிக்கப்பட்ட உயரத்திலிருந்து தன்னிச்சையாக விலகியமைக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். மெமோ கப்புக்கா எனக்கா என்று கேட்டேன். ஷெட் யாருக்கு வேண்டுமோ அவருக்கு என்றார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம். அதே மண்ணில் ஓர் அடி ஸ்கேல் ஒன்று செய்தேன். ஈரத்தில் அதை அன்புச்செல்வன் தன் ஸ்கேலோடு வைத்துப் பார்த்து, கோட்டுக்குக் கோடு சரி என்று கையெழுத்துப் போட்டார். பிறகு கப்பு வெந்த அதே சூட்டில் அதையும் சுட்டேன். அதை வைத்து அளந்தால் கப்பு அச்சு அசலாய் எட்டு.

அன்புச்செல்வனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட ஸ்கேல், அங்கீகரிக்கப்பட்ட கப்பு. இருநூறும் பாஸ். இப்போதெல்லாம் அதிகாரிகள் மேசையில் கைவேலைக்குத்தான் மவுசு என்று நாற்பது ஸ்கேலுக்குத் தனி ஆர்டர் வேறு. ஒவ்வொன்றிலும் பூ வரைந்து என் பெயரைப் பொறித்தேன். ஆபீசில் இருந்த பழைய ஸ்கேலையெல்லாம் கழித்துக் கட்டிவிட்டார்கள். இருப்பு கொள்ளாத சந்தோஷம் எனக்கு.

போன வாரம் ஒதுக்கீட்டைப் புதுப்பிக்க ஷெட்டை அளக்க வந்தார்கள். ஒதுக்கீடு முப்பது அடி நீளம். என் ஸ்கேலை வைத்துக் குனிந்து குனிந்து அளந்தார்கள். முப்பத்து மூன்று வந்தது. மூன்று அடி ஆக்கிரமிப்பு, உடனே இடித்து அகற்றவும் என்று எழுதினார்கள். அந்த மூன்று அடியில்தான் என் சூளையில் பாதி நிற்கிறது.

ஸ்கேல் சுருங்கியதுதான் காரணம் என்று மெல்ல இழுத்தேன்.

அன்புச்செல்வன் அன்பாகத்தான் கேட்டார். "ஸ்கேலு தப்புன்னு எழுதிக் குடுக்கறீங்களா? அப்ப கப்பும் தப்பு. ஷெட்டே கெடையாதுங்க."

ஸ்கேல் மிகச் சரியானது என்று, செய்தவன் என்ற முறையில் எழுதிக் கொடுத்தேன். அதை நகலெடுத்து எங்கள் வரிசையில் இருக்கிற பதினாறு ஷெட்டிலும் ஒட்டி, அதே ஸ்கேலால் அளந்து, எல்லாருடைய பின்சுவரையும் இடித்துக்கொண்டிருக்கிறார்கள்.