பொம்மையும் வேண்டாம், வில்லையும் வேண்டாம்

ருவான்வெல்லை,
12.06.2003

லண்டனில் வசிக்கும் அன்புமிக்க மச்சான் ராமச்சந்திரன் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் அன்னலட்சுமியின் வீட்டுக்காரர் சண்முகநாதன் எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நீங்களும் குடும்பமும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சுகமா இல்லையா என்பதை இதை வாசித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "மருமகள் அனுஷியாவின் விளையாட்டில் ஆட்களாக நிறுத்தப் பொம்மைகள் அனுப்பவா, வட்ட வில்லைகள் அனுப்பவா, அவளிடம் கேட்டு எழுதுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். நான் அவளிடம் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறேன். லண்டனில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிற, பிள்ளைகுட்டி உள்ள ஒரு மனுஷன் குடை அனுப்பவா சப்பாத்து அனுப்பவா என்று கேட்காமல், பொம்மையா வில்லையா என்று கேட்பானேன்? அதுவும் என் கடை வாசலில் பொம்மை கிடந்த பிறகு? அந்த விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

வருஷப் பிறப்புக்கு அவள் பேரில் ஒரு பார்சல் அனுப்பினீர்கள். அதிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தையும் ஒரு கட்டையையும் எனக்குக் காட்டினாள். லூடோ கட்டைக்கு ஆறு முகம். இதற்கு இருபது. எனக்கு அப்போதே பொறி தட்டியது. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை, பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பின்நேரங்களில் பக்கத்துக் கடை சாலியின் வீட்டு விறாந்தையில், அவர் மகள் நபீலாவோடும் டியூசன் சிநேகிதிகளோடும் உட்கார்ந்து விளையாடுகிறாள். இவள் கதை சொல்வாளாம், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாக நடமாடுவார்களாம். "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டேன். "இதுல ஜெயிக்கிறதுன்னு ஒண்ணு இல்லப்பா" என்றாள். ஜெயிக்கவும் முடியாத தோற்கவும் முடியாத விளையாட்டுக்கு இத்தனை பேர் எதற்கு ஒன்றுகூட வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

சாலியை உங்களுக்குத் தெரியும். ஒரே கூரையின் கீழ் அவருக்கு இரும்புச் சாமான் கடை, எனக்குப் புடவைக் கடை. வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போனால் இரண்டு கடையையும் நான் பார்ப்பேன். நான் கோயிலுக்குப் போனால் அவர் பார்ப்பார். அவர் மடித்து வைத்த சேலைகளை நான் வந்து மறுபடி மடிப்பேன், அது வேறு விஷயம். ஊர் முழுக்கப் பூட்டு விற்கிற மனுஷன், எனக்காக ஒருநாளும் கடையைப் பூட்டியதில்லை. அப்படிப்பட்ட உறவுதான் இப்போது நாசமாகிக்கொண்டிருக்கிறது.

வைகாசியில் மழை பிடித்தது. மழை என்றால் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டு இல்லை, ஆட்களுக்குக் கூலியும் இல்லை. பால் வெட்டு இல்லை என்றால் என் கடையில் ஈ கூட உட்காராது. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த மழையிலும் சாலி காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை கடை திறக்கப் போகிறேன், வாசற்படியில் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு ஈயப் பொம்மை. முக்காடு, தாடி, கையில் தடி. மேலெல்லாம் சிவப்பாக ஏதோ பூசியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். பெண்பிள்ளைகள் நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸ் வாடை! இந்தக் காலத்தில் செய்வினைகூட எவ்வளவு நாகரிகமாகிவிட்டது பாருங்கள்.

தோட்டத்து லயக் குடியிருப்பில் குறி சொல்லும் மருதாயியிடம் காட்டினேன். அவள் தொடவே இல்லை. "வச்சவங்க வாசல்லயே கொண்டுபோய் வச்சிருங்க மொதலாளி, தானா திரும்பிரும்" என்றாள். வைத்தது யார் என்பதை அவள் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டிருந்தது யார் என்று எனக்குத்தான் தெரியுமே. மறுநாள் விடிகாலையில் சாலியின் வாசற்படியில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் வந்து உட்கார்ந்தேன்.

அன்றோடு அவர் சிரிப்பு நின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? அடுத்த நாள் மாவனல்லையிலிருந்து ஒரு லெப்பை வந்து தண்ணீர் ஓதிக் கொடுக்க, சாலி அதைக் கடையைச் சுற்றித் தெளித்தார். தெளித்தவர் எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் மட்டும் மூன்று கை கூடுதலாகத் தெளித்தார். நான் விடுவேனா? உங்கள் அக்காள், "அது கறிக்கு வாங்குன பூசணிக்காங்க!" என்று கத்தக் கத்த, அதையே கொண்டுபோய்க் குங்குமம் தடவி வாசலில் உடைத்தேன். கேகாலை பஸ் கண்டக்டர் அதில் சறுக்கி விழுந்து, "மொகத முதலாளி மே?" என்று கேட்டுவிட்டுப் போனார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டால் நான் எந்தப் பாஷையில் பதில் சொல்வது?

இத்தோடு விட்டதா என்றால் இல்லை. போன ஞாயிறு அனுஷியாவின் பையிலிருந்து என் கடைக்குச் சட்டைகள் வரும் சேட்டுப் பெட்டி அட்டையில் வெட்டிய வட்ட வில்லைகள் விழுந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். "சண்முகம். உயிர் 4" என்று எழுதியிருந்தது. மச்சான், நாலு என்றால் நாலு வருஷமா, நாலு மாதமா, நாலு நாளா? அடுத்ததில் "சாலி. உயிர் 11."

"என்னா புள்ள இது?" என்றேன்.

"அது நீங்க இல்லப்பா. கதையில வர்ற சத்திரக்காரரு."

"சத்திரக்காரனுக்கு ஏன் என் பேரு?"

"அவரும் யாரு வந்து கதவத் தட்டுனாலும் தொறக்க மாட்டாரு."

"சாலிக்கு மட்டும் எப்புடி பதினொண்ணு?"

"அவரு சத்திரத்துக்குக் காவல்காரருப்பா. அவருக்கு உயிரு கூட இருந்தாதானே உங்களக் காப்பாத்த முடியும்?"

நல்லாக் காப்பாற்றினார்! இனி அந்த விறாந்தைப் பக்கம் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசுவதில்லை. உங்கள் அக்காள் சோறு போடும்போது கரண்டியால் பேசுகிறாள். போன வெள்ளிக்கிழமை சாலி என் பக்கம் திரும்பாமலே கடையைப் பூட்டிக்கொண்டு ஜும்மாவுக்குப் போனார். உங்களிடம் மறைப்பானேன், அந்தப் பூட்டைப் பார்த்த பிறகு அன்றைக்குத் தேத்தண்ணிகூட உள்ளே இறங்கவில்லை. இருந்தாலும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. கேகாலையில் ஒரு கடை காலியாக இருப்பதாகச் சொன்னார்கள், திங்கட்கிழமை போய்ப் பார்க்கப்போகிறேன்.

ஆகவே பொம்மையும் வேண்டாம், வில்லையும் வேண்டாம். இந்த விளையாட்டின் பேச்சே இந்தக் குடும்பத்தில் வேண்டாம். முடிந்தால் எனக்குப் பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்று அனுப்புங்கள்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். குளிரில் மார்பைத் திறந்துகொண்டு திரிய வேண்டாம். எல்லாரும் தீர்க்காயுசோடு, நாலுக்கு மேலேயே, வாழ முருகன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் மச்சான்,
சண்முகநாதன்

பி.கு.: இன்றைக்குத் திங்கட்கிழமை. நான் கேகாலைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை பகல் சாலி என் கடைக்கு வந்து உள்ளங்கையை விரித்தார். அந்தப் பொம்மை! ஆற்றில் போடக் கொண்டுபோனபோது நபீலா கண்டுவிட்டு, "வாப்பா, இது என்ட மந்திரவாதி! அனுஷியாட மாமா அனுப்பினது. பெயின்ட் காயட்டும்னு பேக்கு ஓரத்தில வெச்சிருந்தேன், எங்கயோ விழுந்திட்டு" என்று பாய்ந்து பிடித்துக்கொண்டாளாம். "அது சரி முதலாளி, என்ட வாசலுக்கு இது எப்படி வந்திச்சு?" என்று கேட்டார். "நடந்துதான் வந்திருக்கும் மொதலாளி, மந்திரவாதிதானே" என்றேன். என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடையைப் பூட்டாமலே ஜும்மாவுக்குப் போனார்.

நேற்று விறாந்தையில் என்னையும் உட்காரவைத்துவிட்டார்கள். நான்தான் சத்திரக்காரன். திருடர்கள் வந்தார்கள். சாலியின் வில்லை எனக்குப் பின்னால் வந்து நின்றது. வில்லைக்கு முகமா முதுகா? என்னைக் காக்க நிற்கிறாரா, குத்த நிற்கிறாரா என்று தெரியாமல் நான் திருடர்களை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயிர் ஒன்றுக்கு வந்துவிட்டது. "நீங்க முன்னுக்குப் பாருங்க முதலாளி, பின்னுக்கு நான் ஈக்கிறேன்" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் புத்தி எனக்குத் தெரியும், வில்லையாக இருந்தால் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். பொம்மைக்குக் கழுத்துத் திரும்பாது. ஆகவே எனக்குப் பொம்மையே அனுப்புங்கள்.