நாற்பது நகல்களும் ஒரு மூலையும்

“எந்த வகுப்போட நின்னுட்ட நீ?”

போன வருஷம் ஹாஜி மிலூத் ருகையாவை இப்படிக் கேட்டார். கடை நிறைய ஆள் இருந்த நேரம்.

“ஒன்பதாவது” என்றாள். ஜெராக்ஸ் மெஷின் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

“என்னது?”

“ஒன்பதாவது.”

“போதும் போதும். காகிதம் எண்ணத் தெரிஞ்சாச் சரி.” ஓய்வூதியப் படிவத்தின் நகலை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ருகையா தன் முதல் நோட்டை வாங்கினாள்.

சாஃபி நகரத்தில், துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில் இருந்தது அவள் மாமா புஅஸ்ஸாவின் ஜெராக்ஸ் கடை. எதிரே காபிக் கடை. அங்கே உட்காருகிறவர்கள் யாரும் பத்திரிகை வாங்குவதில்லை. காபிக் கடைக்காரர் ஒரே ஒரு பத்திரிகை வாங்கி, அதன் புதிர்ப் பக்கத்தை நாற்பது நகல் எடுத்து, காபியோடு ஆளுக்கொன்று வைத்துவிடுவார். அந்தப் பக்கத்தின் கீழ் மூலையில் போன வருஷத்திலிருந்து இங்கிலீஷ் புதிர் ஒன்று வந்துகொண்டிருந்தது. எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஆறு வார்த்தைகள்.

அந்த மூலையைப் பார்த்தால் ருகையாவுக்குக் கை நிற்காது. என், ஏ, டி, எல், ஆர், இ, என் என்று கிடக்கும். பார்த்துக்கொண்டே இருப்பாள். எழுத்துகள் ஒன்றையொன்று இடித்து நகர்ந்து, லான்டர்ன் என்று உட்கார்ந்துகொள்ளும். பழைய அகராதியைப் புரட்டுவாள். கைவிளக்கு. வார்த்தையைப் பத்திரிகையிலேயே பென்சிலால் எழுதி, பக்கத்தில் பொடி எழுத்தில் அர்த்தத்தையும் எழுதுவாள். ஆறும் முடிந்ததும் நோட்டில் ஏற்றிக்கொண்டு, ரப்பரால் அழித்துவிட்டு, நகல் எடுக்க மெஷினில் வைப்பாள். இப்போது ஏழாவது நோட்டு ஓடுகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மாமா மெஷினின் கண்ணாடியை விரலால் தடவினார்.

“ரப்பர் தூளு. இது எங்கேருந்து வருது?”

ருகையா காகிதம் எண்ணினாள்.

“மெஷினுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, நீ நேரா மத்தி டப்பா ஃபேக்டரிதான். உங்கம்மா ஏற்கெனவே மேஸ்திரிகிட்டச் சொல்லி வெச்சிருக்கா.”

மத்தி ஃபேக்டரிக்குப் பத்திரிகை வராது. அகராதி கிடையாது. தலையை வெட்டு, வாலை வெட்டு, டப்பாவில் போடு.

அதனால் புதன்கிழமை காலை அவள் பத்திரிகையில் பென்சிலே வைக்கவில்லை. விடைகளை நேராக நோட்டில் எழுதினாள். கண்ணாடியை மூன்று முறை துடைத்தாள். நாற்பது நகலும் பளிச்சென்று வந்தன. இவ்வளவு நல்ல நகல் அவள் எடுத்ததே இல்லை.

பத்து நிமிஷத்தில் காபிக் கடை சர்வர் ஹம்மூ, கையில் தட்டோடு வந்தார். வேலையில் நரைத்துப்போன மனிதர்.

“நகல் சரியில்லியாம்மா.”

“எங்க சரியில்ல?”

“அந்த இங்கிலீஷ் மூலை. தெளிவா இல்லன்னு ஹாஜி சொல்றாரு.”

ஹாஜி மிலூத் கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காபி ஆறுவதற்குள் ஆறு வார்த்தையையும் போட்டு, அர்த்தத்தோடு உரக்க வாசிப்பார். பிரெஞ்சு படித்த மனிதருக்கு இங்கிலீஷ் இப்படிப் புரள்கிறதே என்று எல்லோரும் அசந்துபோவார்கள். அவர் தெளிவில்லை என்றால் தெளிவில்லைதான்.

ருகையா மையைக் கூட்டி வைத்து இன்னொரு நாற்பது எடுத்தாள்.

ஹம்மூ திரும்பி வந்தார். “இப்ப ஒரே கருப்பா இருக்காம். நேத்து மாதிரி வேணுமாம்.”

“நேத்து எப்படி இருந்துச்சு?”

“அதக் கேட்டா கோவம் வருதும்மா அவருக்கு.”

மையைக் குறைத்து மறுபடி நாற்பது. இந்தத் தடவை ஹம்மூவுக்கு முன்னால் முடிதிருத்தும் அப்பாஸ் வந்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

“என் நகல்ல மட்டும் ஏதோ விட்டுப்போச்சு போல. வேற ஒண்ணு எடுத்துத் தாயேன். ஹாஜிகிட்டச் சொல்லாத.”

அவருக்குப் பின்னால் மருந்துக் கடைக்காரர். அவருக்கும் நேற்று மாதிரிதான் வேண்டும். அவரும் ஹாஜியிடம் சொல்ல வேண்டாம் என்றார். மீன் ஏலக்காரர் மட்டும் ரகசியமே பேசவில்லை. “காசு வாங்குறீங்கல்ல, நேத்து மாதிரி குடுங்க” என்று வாசலிலிருந்தே கத்தினார்.

மாமா வந்தபோது குப்பைக்கூடை நிரம்பித் தரையிலும் காகிதம் கிடந்தது.

“என்ன பண்ணி வெச்சிருக்க என் மெஷின?”

“நான் துடைக்க மட்டுந்தான் செஞ்சேன் மாமா.”

“உன்னை யாரு துடைக்கச் சொன்னா?”

மாமா மெஷினின் வயிற்றைத் திறந்து உள்ளே கைவிட்டு எதையோ இழுத்தார். மைத்தூள் குபுக்கென்று கிளம்பி அவர் முகத்திலும் நீள அங்கியிலும் படிந்தது. மெஷின் ஒருமுறை முனகிவிட்டு நின்றது.

“முடிஞ்சுது” என்றார் மாமா. முகத்தில் கண்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன. “நாளைக்கு காலையில மேஸ்திரியப் போய்ப் பாரு.”

அதற்குள் காபிக் கடையே கடைக்குள் வந்துவிட்டது. முன்னால் ஹாஜி மிலூத்.

“ஒன்பதாங் கிளாஸ்கிட்ட மெஷினக் குடுத்தா இப்படித்தான், புஅஸ்ஸா. படிச்சவங்க உட்கார்ற எடம் எங்களோடது.”

“மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு ஹாஜி.”

மெக்கானிக் லர்பி அன்றுதான் அந்தத் தெருவுக்குள் முதல்முறையாக வருகிறார். மாமா இழுத்துவிட்டதைத் திரும்ப மாட்டினார். மெஷின் ஓடியது. ஒரு நகல் எடுத்துப் பார்த்தார்.

“நல்லாத்தான வருது. என்ன குறை?”

“நேத்து மாதிரி இல்ல” என்றார்கள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில். சொன்ன வேகத்தில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்ப நேத்து நகல் ஒண்ணு காட்டுங்க.”

“பழசெல்லாம் எதுக்கு?” என்றார் ஹாஜி மிலூத் அவசரமாக.

அப்பாஸ் அதற்குள் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டிவிட்டார். லர்பி அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மூலையைக் கண்ணருகே கொண்டுபோனார். ருகையா மேஜைமேல் இருந்த நோட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“மெஷின் மேல தப்பே இல்ல” என்றார் லர்பி. “நேத்து யாரோ ஆறு விடையும் அர்த்தத்தோட பென்சில்ல எழுதி அழிச்சிருக்காங்க, அந்தத் தடம் அத்தனை நகல்லயும் விழுந்திருக்கு, இன்னிக்கு எழுத மறந்துட்டாங்க, அவ்வளவுதான்.”

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பாஸ் கூரையைப் பார்த்தார். மருந்துக் கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். மாமா, ருகையாவின் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்து, மை படிந்த விரல்களால் ஒரு பென்சிலை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

ஹாஜி மிலூத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கூட்டில் போட்டு மூடினார். வழிவிட்டு நின்றவர்களுக்கு நடுவே வெளியே போனார்.