மீஞ்சூரில் நான் இரண்டு முறை பற்ற வைத்த பர்னர்

வேதியியலில் பட்டம் வாங்கிய பிறகும் ஒரு பன்சன் பர்னரைத் தனியாகப் பற்ற வைத்தது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அந்தப் பட்டதாரி நான்தான். கல்லூரியில் நான்கு பேருக்கு ஒரு பர்னர். மற்ற மூவரும் தீக்குச்சிக்கு அடித்துக்கொள்வார்கள். கையெழுத்து அழகாக இருப்பதால் நோட்டு என்னிடம் வந்துவிடும். மூன்று வருடம் நெருப்பைப் பற்றி எழுதினேனே தவிர, நெருப்பைத் தொடவில்லை. (மார்க்குக்கு மட்டும் குறைவில்லை.)

அப்படிப்பட்ட நான் மீஞ்சூரில் ஒரு தனியார் பள்ளிக்கு ஆய்வக உதவியாளர் வேலை கேட்டுப் போனேன். எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம். இந்த வேலை கிடைக்காவிட்டால் இறால் கம்பெனியில் தலை கிள்ளப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. நைனா (என் அப்பா) அன்று வலையை மடித்து வைத்துவிட்டு, படகில் என்னைக் கரை சேர்த்து, பஸ்ஸிலும் கூடவே வந்தார்.

பள்ளி வாசலில், "பயப்படாத கண்ணு. உன்ன மாரி படிச்சவ உள்ள எவ கீறா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என் தலைக்கு ஏறியது.

ஆய்வகத்தில் இரண்டு பேர். மடியில் ஒரு ஃபைலோடு தாளாளர். பக்கத்தில் வேதியியல் எடுக்கும் சாந்தி மிஸ். மேசைமேல் ஒரு பர்னர், அதிலிருந்து சிலிண்டருக்கு ஒரு ரப்பர் குழாய்.

"எந்த ஊரும்மா?" என்றார் தாளாளர்.

"பசியாவரம் சார்."

"தீவுதானே? அங்க கரண்ட்டெல்லாம் இருக்கா?"

"இருக்குது சார். இங்க போனா அங்கயும் போவும்."

சாந்தி மிஸ் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார். தாளாளர் பர்னரைக் காட்டி, "பத்த வச்சு, எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லு" என்றார்.

காற்று ஓட்டையை மூடு, குச்சியைக் கிழி, பிறகு கேஸைத் திற. இதுதான் முறை. நான் காற்று ஓட்டையை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, கேஸையும் திறந்துவிட்டு, அதற்கப்புறம் தீப்பெட்டியைத் தேடினேன். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவது பற்றியது. கூடவே என் இடது புருவமும் பற்றியது.

'டொப்' என்று ஒரு சத்தம். பர்னர் குழாயின் உச்சியில் சுடரைக் காணோம்.

"அணைஞ்சிடுச்சே" என்றார் தாளாளர்.

அணைந்தால் முதலில் கேஸை மூடவேண்டும். நானோ மானத்தைக் காப்பாற்றப் பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டேன். "சார், முதல்ல சாராய விளக்குதான். சின்னச் சுடர், சூடு பத்தாது. அப்புறம் தெருவிளக்குக்காக நிலக்கரி வாயு வந்துச்சு. அது மஞ்சளா எரியும். வெளிச்சத்துக்கு நல்லது, சூடு பண்ணினா பாத்திரமெல்லாம் கரி. ஜெர்மனில ஒரு ப்ரொபசர், கரி பிடிக்காத சுடர் வேணும்னு கேட்டாரு. வாயுவையும் காத்தையும் எரியறதுக்கு முன்னாடியே கலந்துடலாம்னாரு. அத செஞ்சு குடுத்தது அவரோட மெக்கானிக். பேரு மட்டும் ப்ரொபசருக்கு!"

பர்னர் 'ஊய்ங்' என்று விசிலடித்தது. கேஸ் போகும் சத்தம் என்று நினைத்தேன்.

"ஏம்மா, அந்த பர்னர்..." என்றார் சாந்தி மிஸ்.

"கேள்வி கடைசியில மேடம்" என்று கையைக் காட்டி நிறுத்தினேன். (வேலை கேட்டு வந்தவள் நான்.) "சின்ன துளையில வேகமா கிளம்பற கேஸ், இந்த ஓட்டை வழியா காத்தையும் இழுத்துக்கினு மேல போவும். பின்னாடி வந்த பர்னருங்கள்ல சுடர் உள்ள எறங்காம இருக்க உச்சில வலை வெச்சாங்க. இதுல அந்த வலை இல்ல. பாருங்க!"

வலை இல்லாததைக் காட்டுவதற்காக பர்னரின் குழாயைக் கையில் பிடித்தேன்.

சுடர் அணையவே இல்லை. உள்ளே இறங்கி, அடியில் உட்கார்ந்து, அத்தனை நேரமும் எரிந்துகொண்டிருந்தது. நான் போட்ட அலறலுக்கு வாசலில் நின்ற நைனா ஓடி வந்தார். பர்னர் கவிழ்ந்தது, சூட்டில் இளகிய ரப்பர் குழாய் கழன்று, அதன் நுனியில் தீ நாக்கை நீட்டிக்கொண்டு தாளாளரின் ஃபைலை எட்டியது. நான் மணல் வாளியைத் தூக்கி வீசினேன். ஃபைலுக்குப் பாதி, தாளாளருக்குப் பாதி. சாந்தி மிஸ் ஒருவர்தான் செய்யவேண்டியதைச் செய்தார்: சிலிண்டரை மூடினார்.

தாளாளர் மணலைத் தட்டிக்கொண்டே எழுந்தார். "போய் மீன் கழுவும்மா. உங்களுக்கெல்லாம் எதுக்கு லேபு?"

குழாய்த் தண்ணீரில் விரல்களை நீட்டிக்கொண்டு நின்ற எனக்கு அதுவரை அழுகை வந்துகொண்டிருந்தது. இதைக் கேட்டதும் நின்றுவிட்டது.

"மீனும் கழுவுவேன் சார். தப்பு என்னுதுதான். ஆனா இன்னா தப்புனு இப்போ தெரிஞ்சிடுச்சு. இன்னொரு வாட்டி பத்த வெக்காம போமாட்டேன்."

"வெளிய போம்மா!"

"மாட்டேன் சார்."

நைனா என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். சாந்தி மிஸ் தாளாளர் பக்கமே திரும்பாமல் பர்னரை ஈரத்துணியில் சுற்றி ஆறவைத்தார், பீரோவிலிருந்து புது ரப்பர் குழாயை எடுத்து என் முன்னால் வைத்தார்.

பர்னரின் கழுத்தைக் கழற்றிப் பார்த்தேன். கேஸ் வரும் துளையில் பச்சைக் களிம்பு. துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துச் சுரண்டினேன். "அடைப்புனால கேஸ் மெதுவா வந்துச்சு. நான் காத்த முழுசா தொறந்து வெச்சேன். கேஸ் மேல ஏர்ற வேகத்தவிட நெருப்பு கீழ எறங்கற வேகம் ஜாஸ்தி ஆயிடுச்சு. அதான் சார் உள்ள போயிடுச்சு."

கழுத்தையும் புதுக் குழாயையும் மாட்டி, காற்று ஓட்டையை மூடினேன். குச்சியைக் கிழித்தேன். கேஸைத் திறந்தேன். மஞ்சளாக ஒரு சோம்பேறிச் சுடர் எழுந்தது. காற்று ஓட்டையைத் திறக்கும் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். மஞ்சள் சுருங்கி, நடுவில் கூம்பு வைத்து, நீலமாக நின்றது. நிறைவாகப் பார்த்துவிட்டு, நானே மூடினேன்.

வேலை கிடைக்கவில்லை. மறுவருடம் வேறொரு பள்ளியில் கிடைத்தது. இன்று அங்கேயே வேதியியல் ஆசிரியை. என் வகுப்பில் ஒரு பிள்ளை விடாமல் எல்லோரும் பர்னரைத் தங்கள் கையால் பற்ற வைத்தாக வேண்டும். புருவங்கள் எல்லாம் பத்திரம்.

ஊரில்தான் நான் இன்னும் 'ஸ்கூல கொளுத்தினவ'. படகு எஞ்சின் கிளம்பாவிட்டால், "அவள கூப்பிடு, ஒரு குச்சி குடுத்தா போதும்" என்பார்கள். வீட்டில் நான் அடுப்புப் பக்கம் போனால் என் மகள் புருவத்தைப் பொத்திக்கொள்கிறாள். போன பொங்கலுக்கு விருந்தினர் முன்னால் நைனா அன்றைய கூத்தை மறுபடி நடித்துக் காட்டினார், விசில் சத்தத்தோடு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டாவது வாட்டி நீலமா எரிய வெச்சேனே நைனா, பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தியே, அத மட்டும் ஏன் சொல்ல மாட்டேன்ற?"

நைனா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அது நல்லாதான எரிஞ்சுது கண்ணு. அதுல சிரிக்கறதுக்கு இன்னா கீது?"