போளூர் டாக்டர்

எங்கள் ஊரில் நடக்கிறவனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மலையைச் சுற்றுகிறான், பக்திமான் என்று விட்டுவிடுவார்கள். அதனால்தான் எனக்கு உடம்பு சரியில்லை என்பது ஊருக்குத் தெரியவே இல்லை.

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் எனக்கு டீக்கடை. தொண்ணூறுகளின் கடைசியில் தூக்கம் போனது. உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் யாரோ துணி துவைக்கிற மாதிரி இருக்கும். எழுந்து நடப்பேன். (இதை எழுதும்போதே இரண்டு தரம் எழுந்துவிட்டேன்.) பௌர்ணமி, அமாவாசை பார்ப்பதில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போய்விடுவேன். பொங்கி அடுப்பு அணைந்திருக்கும். ஒரு வெளியூர் அம்மா என்னைச் சாமியார் என்று நினைத்துக் காலில் விழுந்து வாழைப்பழம் கொடுத்தார். தின்றுகொண்டே நடந்தேன்.

என் மனைவி கஸ்தூரி மட்டும் ஏமாறவில்லை.

"இன்னொரு தடவ பால் பொங்குச்சுன்னா புள்ளைங்கள இட்டுக்கினு செங்கம் போயிடுவேன். ஆஸ்பத்திரிக்கு வரீங்களா, இல்லியா?"

செங்கம் அவள் அம்மா வீடு. சொன்னால் செய்வாள். பஸ் ஏறினோம்.

வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவு. கோயிலுக்குப் போனால் கோபுர வாசலில் நிற்கிறவரிடமா வேண்டுதலைச் சொல்வோம்? மூலவரிடம்தான். அங்கேயும் அதே கணக்குப் போட்டேன்.

முதலில் வெள்ளைக் கோட்டு போட்ட சின்னப் பெண் கேட்டது. பயிற்சி டாக்டராம். ஒன்றுமில்லை என்றேன். அடுத்து, மேல்படிப்பு படிக்கிற டாக்டர். அவருக்கும் ஒன்றுமில்லை. மூன்றாவதாக வந்த அம்மாவுக்குக் கோட்டே இல்லை. சைக்காலஜிஸ்ட், மருந்து எழுத மாட்டார், பேசித்தான் வைத்தியம் என்று நர்ஸ் சொன்னார். மருந்தே எழுதாதவரிடம் சொல்லி என்ன ஆகும்? வாயையே திறக்கவில்லை. கஸ்தூரி பல்லைக் கடித்தாள்.

உட்காரச் சொன்னார்கள். நானா உட்காருவேன்? வராந்தாவில் நடந்தேன். கோடியில் ஒரு பெரியவர். நரைத்த முடி, சட்டைப் பையில் பேனா. அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் அப்படி உட்கார முடிந்தவர் அவர் ஒருத்தர்தான். இவர்தான் மூலவர் என்று முடிவு கட்டினேன்.

கைகூப்பி நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். கஸ்தூரியிடம் சொல்லாததையும் சொன்னேன்.

"எனக்குப் பைத்தியம் புடிச்சிடுமோன்னு பயமா இருக்குதுங்க."

அவர் தலையாட்டினார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப தூங்குறேன்."

டாக்டருக்கே வந்து தெளிந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே அரைக்கைச் சட்டையில் வேறொருவர். அவர்தான் பெரிய டாக்டராம். என்ன கஷ்டம் என்று கேட்டார்.

"அதான் வெளிய டாக்டர்கிட்ட சொல்லிட்டனே."

எந்த டாக்டர் என்றார். கை காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெரியவர் போளூர்க்காரர். மாத்திரை வாங்க வந்தவர்.

கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. போளூர்க்காரர் தானே உள்ளே வந்தார். என் கதையை முழுசாகச் சொன்னார். பால், வாழைப்பழம், பயம், எதையும் விடவில்லை. (என்னை ஒரு நாய் துரத்தியதாகவும் சேர்த்துக்கொண்டார். துரத்தவில்லை.) பயம் என்ற இடத்தில் கஸ்தூரி திரும்பி என்னைப் பார்த்தாள்.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதினார். "மாத்திரை நான் குடுப்பேன். பேச்சுக்கு அந்த அம்மாகிட்ட போங்க. அவங்க சும்மா பேசறவங்க இல்ல. சின்ன டாக்டருங்க கேக்கறதும் எனக்குத்தான் வந்து சேரும். முதல்ல வந்த பொண்ணுகிட்டயே சொல்லியிருக்கலாம்."

திரும்பும்போது பஸ்ஸில் கஸ்தூரி செங்கம் பேச்சை எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எழுந்து நடக்காமல் இருக்கத்தான் என்று பிறகு சொன்னாள்.

தூக்கம் மெதுவாக வந்தது. கோட்டில்லாத அம்மாவிடம் பல தடவை போய்ப் பேசினேன். வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்றால், கஸ்தூரி இன்றும் கேட்பாள்: "போளூர் டாக்டர்கிட்டதான் சொல்லுவியா?"

அவர் பௌர்ணமிதோறும் மலை சுற்ற வருவார். பாதி வழியில் என் கடையில் உட்காருவார். பிள்ளைகளுக்கு அவர் டாக்டர் மாமா.

"தூக்கம் வருதா?"

"வருதுங்க டாக்டர்."

அவரோடு பேச உட்கார்ந்தால் எழவே தோன்றாது. அன்றைக்கு மட்டும் பால் இன்னும் பொங்குகிறது.