றுக்சாக் அண்ணை போன பல்கேரியச் செத்தவீடு

சுவிற்சர்லாந்து முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், றுக்சாக் அண்ணை கதிரையில் சாய்ந்து இருந்ததைக் கண்டேன் என்று சொல்ல ஒரு சாட்சி அகப்படாது. பேர்ன் ரயிலில் பெட்டி முழுக்க வெறுமையாகக் கிடந்தாலும் மனுசன் கதவடியில்தான் நிற்பார். திரிம்பாக் கோயில் அன்னதானத்தில் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு செருப்பு விடுகிற இடத்தில் நின்று சாப்பிடுவார். முதுகில் எந்நேரமும் ஒரு பச்சை றுக்சாக். என் கலியாணப் படத்தில்கூடப் பட்டுச் சட்டைக்கு மேலே அந்தப் பை இருக்கிறது. படம் எடுத்தவர் கழற்றச் சொல்லிக் கெஞ்சினார். "நீர் பொம்பிளை மாப்பிளையை எடும் ஐசே. என்ர பையை ஏன் பாக்கிறீர்?" என்று கேட்டாரே ஒரு கேள்வி!

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். பூம்ப்ளிஸில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நானும் அவரும் ஒன்றாக வேலை. உருளைக்கிழங்கு அவிகிற நேரத்துக்குள் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுவார். ஓரிடத்தில் தரிக்க விடாத அப்படி ஒரு அந்தரம்.

அந்த அந்தரம் எங்கே தொடங்கியது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நாட்டை விட்டு வெளியே போக முடியாத அகதி அட்டையோடு அவர் இருந்த காலத்தில்தான் ஊரில் அவருடைய தாய் செத்துப்போனா. ஊர் மதில்களில் எல்லாம் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். கடைசி வரியில் 'மகன், சுவிஸ்' என்று இவர் பெயர். அதை இவர் போனில்தான் பார்த்தார். பிறகு சுவிஸின் சிவப்புப் பாஸ்போட் கிடைத்தது. "ஊருக்கு ஒருக்காப் போட்டு வாங்கோவன் அண்ணை" என்றால், "ஆரிட்டச் சொல்லுறது, வந்திட்டன் எண்டு?" என்பார். ஊரைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் பையைக் கொழுவிக்கொண்டு போனார்.

அவருக்கு ஒரேயொரு ஆசை. "என்ர கையால அம்மாவை ஒரு மதிலில ஒட்ட வேணும் தம்பி. தெருவால போறவன் ஒருத்தன் நிண்டு பாக்க வேணும். அவ்வளவுதான்."

சுவிஸில் மதிலில் ஒட்டுவதா? நடக்கிற காரியமா? ஒரு திவசத்துக்குத் தாயின் படம் போட்ட நோட்டீஸ் அடித்து, நானும் அவரும் குடியிருக்கிற கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் ஒட்டினார். கட்டடப் பொறுப்பாளர் அதைக் கிழியாமல் உரித்து, மடித்து, கதவைத் தட்டிக் கையில் கொடுத்து, "படம் நல்ல வடிவு. ஆனால் இங்கே அனுமதி இல்லாமல் ஒட்டக்கூடாது" என்றார். அடுத்த திவசத்துக்கு பஸ் தரிப்பிடம். பசை காய முதலே ஆரோ உரித்துவிட்டார்கள். அதற்கடுத்த முறை காட்டோரத்தில் ஒரு மரம். நாயைக் கூட்டிக்கொண்டு வந்த பெண்மணி மரத்துக்கும் உரிமை உண்டு என்று அரை மணித்தியாலம் வகுப்பு எடுத்தா. "மரத்துக்கு இருக்கிற உரிமை என்ர அம்மாவுக்கு இல்லையோ?" என்று அண்ணை சமையலறையில் கத்தியதில் சூப் வாளி கவிழ்ந்தது. மிஞ்சிய நோட்டீஸ் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு றுக்சாக்குக்குள் போயிற்று.

அடுத்த திவசமும் கிட்ட வந்தது. ஒருநாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே, "பல்கேரியாவுக்குப் போறன். நீயும் வா" என்றார்.

"பல்கேரியாவோ? அங்க என்ன கிடக்கு அண்ணை?"

"மலிவு கிடக்கு."

நான் மெத்தையைக் கண்டால் எழும்பாத சாதி. வீட்டுக்காரிதான் என்னைத் தள்ளிவிட்டா. "போட்டு வாங்கோ. அந்த மனுசனைத் தனிய விட்டா எங்கயாவது துலைஞ்சு போயிடும்."

சோபியாவில் ஒரு மலிவு ஹொஸ்டல். அடுக்குக் கட்டில், ஒரே அறையில் உலகத்துக் குறட்டை எல்லாம். அண்ணை சாரத்தை இழுத்துக் கட்டித் திரை போட்டார். பிறகு பைக்குள்ளிருந்து வெளியே வந்தது ஒரு ரைஸ்குக்கர்! அதோடு வந்தது நெத்தலிக் கருவாடு. கருவாட்டு மணம் எழும்ப, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நெடுவல் பெடியன் ஒருவன் காஸ் கசிகிறது என்று சத்தம் போட்டு எல்லாரையும் வெளியே ஓடப் பண்ணினான். "ஆறுதலாச் சாப்பிடு தம்பி, இப்ப நல்ல காத்தோட்டம்" என்றார் அண்ணை, நின்றபடியே.

அங்கிருந்து பிளோவ்திவ். அந்த ஊர் வடிவைப் பார்க்க விட்டாரா? படியில் ஏறினால் "இறங்கு", இறங்கினால் "நட". பழைய றோமன் அரங்கில் கல்லுப் படியில் கொஞ்சம் குந்துவோம் என்று முழங்காலை மடக்கினேன். "கல்லு எங்கயும் இருக்கும், எழும்படா!"

அங்கே பஸ் சாரதி என்னைப் பார்த்து "கர்லோவோ?" என்று கேட்டார். அடுத்த சிறு பட்டணம் அதுதான். ஓம் என்று தலையை மேலும் கீழும் ஆட்டினேன். மூஞ்சிக்கு நேரே கதவு சாத்தினார் மனுசன். அண்ணை என்னைத் தள்ளிவிட்டு, நம்மூர் ஓமுக்குத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். கதவு திறந்தது. அந்த நாட்டில் அப்படி ஆட்டினால்தான் ஆம் என்று அர்த்தமாம். "பாத்தியே, எங்கட ஆக்கள்!" என்று வழி முழுக்க நின்றுகொண்டே ஒரே சந்தோசம், புளுகம்.

கர்லோவோவில் பின்னேர ரயிலைப் பிடித்து சோபியாவுக்குத் திரும்ப வேண்டும். ஸ்ரேசனுக்குப் போகிற தெருவில் ஒரு வீட்டு வாசற்படலையைக் கண்டதும் அண்ணை ஆணி அடித்த மாதிரி நின்றார். படலையில் ஒரு நோட்டீஸ். மீசை வைத்த ஐயா ஒருவரின் படம், கறுப்புக் கரை, கீழே வாசிக்கத் தெரியாத எழுத்து. முற்றத்தில் மேசை, சனம்.

"தம்பி, செத்தவீடு!"

"அண்ணை, எங்களுக்கு ஆரெண்டே தெரியாது. ரயில்..."

"செத்தவீட்டு வாசலைக் கண்டிட்டுப் பேசாமப் போறதோ? மனுசரோ நாங்கள்?"

சப்பாத்தைக் கழற்றினார், கையைக் கூப்பினார், உள்ளே போனார். போனவர் அங்கே நின்ற கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, போயிட்டாரோ!" என்று ஊர் வழக்கப்படி ஒரு ஒப்பாரி! முற்றத்தில் வேறு ஒருவரும் அழவில்லை. கரண்டியோடு நின்றவர் கரண்டியோடே நின்றார். எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது.

மகள் ஒருத்தி வந்தா. ஸ்வெத்லா என்று பெயர். ஜெர்மனியில் வேலை செய்தவ. எங்கள் ஜெர்மன் அவவுக்குப் பாதி விளங்கியது. "அப்பா செத்து ஏழு வருசம். இன்றைக்கு நினைவு நாள்" என்றா.

அண்ணை அழுகையைப் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். "திவசமாம். திவசத்துக்கும் வரலாம்தானே?"

வரலாமாம். அவித்த கோதுமையில் சீனி தூவி இரண்டு கிண்ணம் கையில் தந்தார்கள். செத்தவரின் பெயரால் தெருவால் போகிறவருக்கும் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். கிண்ணத்தைப் பிடித்தபடி அண்ணை மெல்லக் கேட்டார்: "இந்த நோட்டீஸ் ஒட்ட ஆரிட்ட அனுமதி எடுக்க வேணும்?"

ஸ்வெத்லாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அப்பாவை ஒட்ட எதற்கு அனுமதி? எல்லாரும்தான் ஒட்டுகிறோம்."

அப்போதுதான் பார்த்தேன். அத்தனை மதிலிலும், மரத்திலும், கதவிலும் முகங்கள். அண்ணை றுக்சாக்கை இறக்கிப் பிளாஸ்டிக் உறையை எடுத்தார். ஸ்வெத்லா படத்தைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, உள்ளே போய்ப் பசை கொண்டுவந்தா. தன் தகப்பனுக்குப் பக்கத்தில் இடம் காட்டினா. அண்ணை தன் கையாலேயே ஒட்டி, நான்கு மூலையையும் தடவித் தடவி அழுத்தினார்.

தெருவால் பையோடு வந்த ஒரு முதியவர் நின்றார். தமிழ் எழுத்தை உற்றுப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டு, மெதுவாக ஏதோ சொன்னார். "கடவுள் இவவை மன்னித்து ஏற்கட்டும் என்கிறார்" என்றா ஸ்வெத்லா.

அண்ணை அப்போது அழவில்லை. படலைக்கு எதிரே கிடந்த நீட்டு மர வாங்கில் போய் இருந்தார். ஓம், இருந்தார்! முதுகு சாய்த்து, கால் நீட்டி, மடியில் கோதுமைக் கிண்ணம். றுக்சாக் நிலத்தில் கிடந்தது. தூரத்தில் ரயில் கூவியது.

"அண்ணை, ரயில் போகுது."

"போகட்டும். இஞ்ச வா, கொஞ்சம் இரு."

அவரைத் தெரிந்த காலத்தில் அந்த மனுசன் என்னை 'இரு' என்று சொன்னது அன்றைக்குத்தான். ஒட்டி உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் எழும்பச் சொல்லும்வரை நானும் எழும்பவில்லை.